வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்: ஒரு செவ்வாய்ப்பேட்டை வீட்டின் இணையச் சீரமைப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ள எங்கள் வீடு தெருப்பக்கம் ஒடுங்கியும் பின்னோக்கி நீண்டும் இருக்கும். திண்ணை இருந்த இடத்தில் இப்போது முன்னறை; அதன் பின் கூடம், முற்றம், சமையலறை, கடைக்கோடியில் என் அலுவல் அறை. சுவர்கள் தாத்தா காலத்துச் செங்கல் சுவர்கள், ஒன்றரை அடி கனம். ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்தவர் கம்பத்துக்கு அருகில் எது வசதியோ அதைப் பார்த்து, ஃபைபரில் வரும் ஒளிச் சைகையைக் கருவிகளுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் மோடத்தை வாசல் நிலைக்கு மேலே பொருத்திவிட்டுப் போனார். அங்கிருந்து என் மேசைக்கு அறுபது அடி தூரம். நடுவில் மூன்று சுவர்களும் ஓர் இரும்பு பீரோவும். அறைக்கு இணையம் வரவில்லை என்று நான்கு ஆண்டுகள் புலம்பி, அதிக வேகத் திட்டத்துக்கு மாறி, இரண்டு கருவிகளை வாங்கி, அவற்றில் ஒன்றைப் பரணில் போட்ட பிறகுதான் வேலையை எந்த வரிசையில் செய்திருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

இரண்டு வாரங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். இணையம் தடுமாறும் ஒவ்வொரு முறையும் நேரம், அறை, எந்தக் கருவி, மோடத்தில் எந்த விளக்கு எரிந்தது ஆகிய நான்கையும் குறித்து வையுங்கள். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் ஒளிச் சைகையே வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அது இணைப்பு தருபவரின் வேலை. எல்லா விளக்குகளும் பச்சையாக இருந்தும் பின்னறையில் மட்டும் படம் நின்று நின்று ஓடினால் அது உங்கள் வீட்டின் வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நான் திட்டத்தை உயர்த்திப் பணத்தை வீணாக்கினேன்.

அடுத்ததாக, ஒரு மடிக்கணினியை மோடத்துடன் கேபிள் மூலம் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். நீங்கள் பணம் கட்டும் வேகம் எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் கணக்கில் சொல்லப்படுவது; கோப்பு இறங்கும் வேகமோ மெகாபைட் கணக்கில் காட்டப்படுவது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான், அது ஏமாற்று அல்ல. 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருந்தும் கேபிளில் அளக்கும்போது 94 அல்லது 95-க்கு மேல் ஏற மறுத்தால் அந்த எண்ணையே தடயமாகக் கொள்ளலாம். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் வேலை செய்கின்றன, அல்லது இரு முனைகளில் ஏதோ ஒன்று 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் பழைய போர்ட் (கேபிளைச் செருகும் துளை) என்று அதற்குப் பொருள். என் வீட்டில் கேபிளின் முனையில் இருந்த கிளிப் சரியாக அழுத்தப்படாமல் இருந்தது. அதைப் புதிதாகப் போட்டதும் வேகம் மூன்று மடங்கானது. செலவு ஒரு தேநீருக்கும் வடைக்கும் ஆகும் காசுதான்.

இடமாற்றம்

வீட்டு வைஃபை அலைகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் வருகின்றன. முன்னது மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு ஊடுருவும். பின்னது வேகமானது, கனத்த சுவர் ஒன்று வந்தாலே துவண்டுவிடும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, தண்ணீர் நிறைந்த டிரம் ஆகியவை எந்த அலையையும் மதிப்பதில்லை. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இடையூறு வருவதும் இயல்பே. ஆகவே மோடத்திலிருந்து இணையத்தை வாங்கி வைஃபையாகப் பரப்பும் ரூட்டரைத் தலையுயரத்தில், வீட்டின் நடுப்பகுதியில், பீரோவின் நிழலில் இல்லாதபடி வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மோடம் வாசலிலேயே இருக்க, ரூட்டரை மட்டும் கூடத்துக்கும் முற்றத்துக்கும் இடையே உள்ள தூணுக்குக் கொண்டுவந்தோம். திறந்த முற்றத்தில் அலைக்குத் தடையில்லை என்பதால் சமையலறைவரை நல்ல இணைப்புக் கிடைத்தது. பழைய முற்ற வீடுகளுக்கு இருக்கும் இந்த வசதி, புதிய கான்கிரீட் வீடுகளுக்கு இல்லை.

ஒவ்வொரு அலைவரிசையும் சேனல்கள் என்னும் உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்கள்தான் ஒன்றன்மேல் ஒன்று விழாதவை. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில் பக்கத்து வீட்டாரும் எதிர்வீட்டாரும் எந்தச் சேனலில் இருக்கிறார்கள் என்பதைக் கைபேசிச் செயலி ஒன்றின் மூலம் பார்த்து, இந்த மூன்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.

ரூட்டரை இடம் மாற்றும்போது மோடத்துக்கு வரும் ஃபைபர் கம்பியை இழுக்கவோ மடக்கவோ கூடாது. அதன் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. வளையல் வட்டத்தைவிடச் சிறிய வளைவு அதற்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கம்பியைச் சுருட்டி ஆணியில் மாட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கேபிள்: செலவு செய்ய வேண்டிய ஒரே இடம்

இடமாற்றத்துக்குப் பிறகும் என் அறைக்கு அலை போதவில்லை. அந்த நேரத்தில் நான் வாங்கியதுதான் இப்போது பரணில் கிடக்கும் ரிப்பீட்டர். ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்லும் கருவிக்குப் பாதி நேரம் கேட்பதிலேயே போய்விடும் என்பதால் கிடைக்கும் வேகமும் பாதியாகக் குறையும். அது வைக்கப்படும் இடத்துக்கே அலை பலவீனமாக வந்தால் அந்தப் பாதியும் மிஞ்சாது. அதில் போட்ட பணத்துக்கு ஒரு கேபிளை இழுத்திருக்கலாம்.

அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் மேசைக் கணினி, தொலைக்காட்சி, பிரிண்டர், வேலைக்கான மடிக்கணினி ஆகிய எல்லாவற்றுக்கும் கேபிளே சரி என்பது என் உறுதியான கருத்து. கைபேசிகளுக்கு மட்டும் வைஃபையை விட்டுவிட்டால் அதன் பாரமும் குறைகிறது. கேட்-6 என்னும் வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் தூரம்வரை ஒரு கிகாபிட் வேகத்தைச் சிரமமில்லாமல் கொண்டுசெல்லும். எந்த வீட்டுக்கும் அது போதும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி பாதி விலைக்குக் கிடைக்கும். பார்வைக்கு வேறுபாடு தெரியாது. பிளேடால் மேற்பரப்பைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த தெருவில் வளர்ந்தவன், உரசிப் பார்த்து வாங்கும் பழக்கத்தைக் கேபிள் விஷயத்தில் மறந்துபோனது எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மின்கம்பிகள் ஓடும் குழாயிலேயே நெட்வொர்க் கேபிளைச் செலுத்தக் கூடாது. பாதுகாப்புக்கும் அது ஆகாது, சைகைக்கும் ஆகாது. சுவரை உடைக்க மனமில்லாதவர்கள் சுவரும் கூரையும் சேரும் ஓரமாகத் தனி பிவிசி பட்டையை ஓட்டலாம். குழாய் பதிப்பதானால் ஓர் அங்குலத்துக்குக் குறையாத குழாயைப் பதித்து, கேபிளை இழுத்து முடித்த பிறகு உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள். நாளைக்கு இன்னொரு கேபிள் தேவைப்பட்டால் அந்தக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். இழுப்பதே இழுக்கிறோம் என்று இரண்டு கேபிளாக இழுங்கள். ஒன்று பழுதானாலும் சுவரை மீண்டும் தொட வேண்டியதில்லை.

பின்னறையில் அந்தக் கேபிளின் முனையில் பழைய ரூட்டர் ஒன்றை மாட்டினேன். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். இரண்டாவது ரூட்டரை அப்படியே மாட்டினால் அது தனக்கென ஒரு தனி வலையமைப்பை உருவாக்கிக்கொள்ளும். பின்னறைக் கணினியால் முன்னறைப் பிரிண்டரைக் காண முடியாது. அதன் அமைப்புப் பக்கத்தில் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் என்னும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த முறை இல்லாத பழைய கருவியானால், முகவரி வழங்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, அதன் சொந்த முகவரியை முதல் ரூட்டரின் முகவரியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை அதன் வான் (WAN) போர்ட்டில், அதாவது இணையம் உள்ளே வரும் துளையில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) போர்ட் ஒன்றில் செருக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், ஆனால் வெவ்வேறு சேனல்கள் கொடுத்தால் கைபேசி அறைக்கு அறை தானாக மாறிக்கொள்ளும். மோடமும் தன் பங்குக்கு ரூட்டராக இயங்கினால் இதே சிக்கல் அங்கும் எழும். அதை, ரூட்டர் வேலையை விட்டுச் சைகையை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி இணைப்பு தருபவரிடம் கேட்கலாம்.

மின்சாரமும் வெயிலும்

பராமரிப்புக்காகக் காலை முதல் மாலைவரை மின்சாரம் நிறுத்தப்படும் நாட்களில் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் இணையம் போய்விடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். காரணம், மோடத்தைச் செருகிய பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. முதலில் அதைச் சரிபாருங்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட் மணி ஆற்றல் உண்டு. மோடமும் ரூட்டரும் சேர்ந்து 15 வாட் அளவில்தான் எடுக்கும், இரண்டு மின்விசிறிகளுக்கு நடுவே இது ஒரு பொருட்டே அல்ல. மின்சாரம் மாறும் கணத்தில் கணினி அணைந்து எழுந்தால், இன்வெர்ட்டரில், பேட்டரிக்கு இன்னும் விரைவாக மாறச் செய்யும் யுபிஎஸ் முறைக்கான சுவிட்ச் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் அது கருவியின் பின்பக்கம் தூசி மூடிக் கிடந்தது.

இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு ரூட்டருக்கான சிறிய யுபிஎஸ் உதவும். அதன் பெட்டியில் 10,400 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் மலைக்க வேண்டாம். அது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் ஏறத்தாழ 38 வாட் மணிதான். இழப்பெல்லாம் போக 15 வாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும்.

அடாப்டர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மோடத்துக்கு 12 வோல்ட், ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் சிறிய நெட்வொர்க் சுவிட்சுக்கு 5 வோல்ட், ஆனால் இரண்டின் முனையும் ஒரே மாதிரி. ஆயுத பூஜைக்குத் துடைத்து வைத்தபோது மாற்றிச் செருகியதால் என் சுவிட்ச் ஒரே நொடியில் கருகியது. இப்போது ஒவ்வொரு அடாப்டரின் முதுகிலும் அது யாருடையது என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதலில் மோடம், இரண்டு நிமிடம் கழித்து ரூட்டர் என்று போட வேண்டிய வரிசையும் சுவரில் உண்டு. நான் ஊரில் இல்லாதபோது அம்மாவே பார்த்துக்கொள்கிறார்.

சேலத்துக் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பெரும்பாலான வீட்டு ரூட்டர்களின் குறிப்பேட்டில் 0 முதல் 40 டிகிரிவரை என்றுதான் போட்டிருக்கும். பரணிலோ, அழகுக்காக மூடிய மரப்பெட்டியிலோ, மொட்டை மாடிக்கு நேர்கீழே கான்கிரீட்டை ஒட்டியோ வைத்தால் அது மதியம் மூன்று மணிக்குத் திணறுவதில் வியப்பில்லை. என் நோட்டுப் புத்தகத்தில் குறித்த தடுமாற்றங்களில் பாதி அந்த நேரத்தைச் சேர்ந்தவை.

ஏற்காட்டு வீடு

சித்தப்பா மகன் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டிக் குடியிருக்கிறான். சுமார் 1500 மீட்டர் உயரம். வெப்பம் அவனுக்குத் தொல்லையில்லை, ஈரமும் இடியும்தான் தொல்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை மழை இடியோடு வரும். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மையே. ஆனால் இழையைத் தாங்கும் எஃகுக் கம்பியும் மோடத்தின் அடாப்டரும் கடத்தும். அவன் வீட்டிலிருந்து தோட்டத்துக் கிடங்குக்குத் திறந்தவெளியில் செம்புக் கேபிளை இழுத்திருந்தான். ஒரு மாலை இடியில் இரு முனைகளிலும் இருந்த கருவிகள் போயின. இரு கட்டடங்களுக்கு இடையே ஃபைபரை ஓட்டி, ஒளிச் சைகையையும் செம்புக் கேபிளின் சைகையையும் ஒன்றுக்கொன்று மாற்றும் மீடியா கன்வெர்ட்டரை முனைக்கொன்றாக வைப்பதே சரியான வழி. இப்போது அப்படித்தான் இருக்கிறது. மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளும் நல்லவையே, ஆனால் வீட்டின் எர்த் சரியாக இருந்தால்தான் அவை முழுப் பயன் தரும். எர்த் குழி காய்ந்துவிடாமல் கோடையில் தண்ணீர் ஊற்றுவது மலைக்கும் சமவெளிக்கும் பொது.

ஈரத்துக்கு அவன் செய்வது எளிது. கேமராவையும் ஹார்டு டிஸ்கையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறான். நீல நிற ஜெல் ஈரத்தை உறிஞ்சினால் இளஞ்சிவப்பாக மாறும். இளஞ்சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். சமையல் பாத்திரத்தில் அதை வறுக்க வேண்டாம்.

பூட்டும் பிரதியும்

பாதுகாப்பில் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலை. ரூட்டரோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். வருவோர் போவோருக்கு விருந்தினர் வைஃபையைக் கொடுங்கள்.

புகைப்படங்களும் ஆவணங்களும் மூன்று பிரதிகளாக, இருவகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது பழகிய விதி. நான் கணினியில் ஒன்றும், பழைய மடிக்கணினியைக் கோப்புச் சேமிப்பகமாக மாற்றி அதில் ஒன்றும், வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்றும் வைத்திருக்கிறேன். அந்த டிஸ்க் ஏற்காட்டில் சித்தப்பா மகனுடைய டப்பாவில் இருக்கிறது. அவனுடையது என் அலமாரியில். இரண்டும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டவை, கடவுச்சொல் தாளில் எழுதி அவரவர் வீட்டில் உள்ளது. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நான் மலையேறும்போது, புதிதாகப் பிரதியெடுத்த இரண்டாவது டிஸ்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். அதைக் கணினியில் மாட்டி, ஏதாவது ஒரு பழைய கோப்புறையைத் திறந்து, பத்துப் படங்களாவது முழுமையாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அதன் மேல் புதிய பிரதியை எழுதுகிறேன். சென்ற முறை ஒன்பதுதான் திறந்தன. அந்த டிஸ்கை மாற்றிவிட்டேன்.