நாடாளுமன்றத்துக்கு ஆகும் செலவு எவ்வளவு? பட்ஜெட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம்

அவை முடங்கும்போதெல்லாம் "நிமிடத்துக்கு இத்தனை லட்சம் வீண்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நம் வரிப்பணம், நம் அவை. மூல ஆவணத்தையே பார்த்துவிடுவோம்.

படி 1: மத்திய பட்ஜெட் இணையதளத்தில் 'எக்ஸ்பென்டிச்சர் பட்ஜெட்' பகுதியைத் திறங்கள். ஒவ்வொரு துறைக்கும் எண் போட்டு மானியக் கோரிக்கைகள், அதாவது செலவுக்குப் பணம் கேட்கும் பட்டியல்கள், இருக்கும். மக்களவைக்கு ஒன்று, மாநிலங்களவைக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பாருங்கள். அரசியலமைப்பின் 98-ஆவது பிரிவுப்படி இரண்டு அவைகளுக்கும் தனித்தனிச் செயலகம் உண்டு. கோரிக்கை எண் மாறக்கூடியது, அதனால் பெயரை வைத்துத் தேடுங்கள். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் என்று இன்னொன்றும் கண்ணில் படும். அது அரசின் ஒரு துறை, அவையின் செலவு அதில் இல்லை.

படி 2: தொகைகள் கோடி ரூபாயில் இருக்கும். சென்ற ஆண்டின் உண்மைச் செலவு, இந்த ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டுக்கான மதிப்பீடு என நான்கு வரிசைகள். கேட்டது ஒன்று, செலவானது வேறு என்பதால், உண்மைச் செலவை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: தொகை இரண்டாகப் பிரிந்திருக்கும். சபாநாயகர், துணை சபாநாயகர், மாநிலங்களவைத் தலைவர், துணைத் தலைவர் ஆகியோரின் சம்பளமும் படிகளும் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் வரி வருவாய் சேரும் கணக்கு) நேரடியாகப் போகும். அதை விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது. உறுப்பினர்களின் சம்பளம், செயலக ஊழியர்களின் ஊதியம் போன்றவை வாக்கெடுப்புக்கு வரும். வாக்களிப்பது மக்களவை மட்டுமே. ஆக, மாநிலங்களவையின் செலவுக்கும் அனுமதி தருவது மக்களவைதான்! துணைக் குடியரசுத் தலைவருக்கு அந்தப் பதவிக்கென்று சம்பளம் இல்லை, மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையில்தான் வாங்குகிறார். அதனால் அந்தச் சம்பளத்தையும் இங்கேதான் தேட வேண்டும்.

படி 4: இதில் இல்லாதவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நிறையப் பேர் தவறுவது இங்கேதான். புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020-இல் 861.90 கோடிக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. அந்தப் பணம் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் கணக்கு. எம்.பி. ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி என்ற தொகுதி மேம்பாட்டு நிதி புள்ளியியல் அமைச்சகத்தின் கீழ் வரும்.

படி 5: சரி, இந்தத் தொகையை இப்போது நிமிடக் கணக்கில் வகுக்கலாமா? கொஞ்சம் பொறுங்கள். எம்.பி.க்கள் அடங்கிய துறை சார்ந்த நிலைக்குழுக்கள் மட்டும் 24. நாடாளுமன்றம் கூடாத மாதங்களிலும் இந்தக் குழுக்கள் கூடி மசோதாக்களை ஆராய்கின்றன, அதிகாரிகளை அழைத்துக் கேள்வி கேட்கின்றன. செயலக ஊழியர்களும் ஆண்டு முழுக்க வேலை செய்கிறார்கள். மொத்தத் தொகையை அவை நடந்த நிமிடங்களால் மட்டும் வகுத்தால், இந்த வேலைகளுக்கான செலவும் அந்த நிமிடங்களின் தலையில் ஏறிவிடும்.