ஆபீஸ் சிஸ்டங்களில் கையொப்பமில்லாத சாஃப்ட்வேரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன், ஜூலையில் கேம்பஸ் பிள்ளைகள் சப்போர்ட் டீமுக்கு வந்து சேர்வார்கள். கொஞ்ச நாளில் யாராவது ஒரு மேனேஜர், "யார் யார் சிஸ்டத்துல கண்டதையும் ஏத்தி வெச்சிருக்காங்கன்னு லிஸ்ட் எடு" என்பார். தயாரித்தவர் யார் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாதவை எவை, அவை எந்த வழியாக உள்ளே வந்தன என்பதுதான் அதில் உண்மையான கேள்வி. விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் என்ன ஓடியது என்று பதிந்துவைக்கும் ஸ்கிரிப்ட் லாக் அதற்கு நன்றாகவே உதவும். ஆனால் பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை எந்த ஆபீஸில் பார்த்தாலும் பிள்ளைகள் சறுக்குவது ஒரே இடங்களில்தான். நாங்கள் சறுக்கிய அதே இடங்கள். லாகை ஆன் செய்ய மறப்பது, அட்மின் உரிமை இல்லாமல் ஓட்டுவது எல்லாம் முதல் நாளே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

4104இல் இல்லாதது நடக்கவே இல்லை என்று நினைப்பது

ஸ்கிரிப்ட் பிளாக் லாகிங்கை, எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வைக்கும் குரூப் பாலிசியில் ஆன் செய்தால், பவர்ஷெல்லில் ஓடும் ஸ்கிரிப்டின் வரிகள் 4104 என்ற நிகழ்வு எண்ணில் பதிவாகும். ஒரு ஸ்கிரிப்ட் செட்டப் ஃபைலை இணையத்திலிருந்து இறக்கி, விண்டோஸின் நிறுவல் கட்டளையான எம்எஸ்ஐஎக்ஸெக்கைக் கூப்பிட்டு, '/க்யூஎன்' சேர்த்துச் சத்தமில்லாமல் நிறுவினால் அந்த வரி அப்படியே கிடைக்கும். கட்டளையை பேஸ்64 என்ற குறியீட்டில் சுருட்டி அனுப்பினாலும் அவிழ்ந்த வடிவம்தான் பதிவாகும். வேரியபிளுக்குள் இருந்த முகவரி என்ன என்பது மட்டும் பல சமயம் இதில் தெரியாது. அதற்கு, கட்டளைகளுக்குப் போன மதிப்புகளைப் பதியும் மாட்யூல் லாகிங்கின் 4103ஐப் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒருவர் பென்டிரைவைச் செருகி செட்டப்பை டபுள் கிளிக் செய்தால் பவர்ஷெல்லுக்கு அங்கே வேலையே இல்லை. 4104 வராது. செக்யூரிட்டி லாகில், புரோகிராம் தொடங்கும்போது பதிவாகும் 4688 வேண்டும். கமாண்ட் லைனையும் சேர்த்துப் பதிய தனி பாலிசி இருக்கிறது, அதையும் ஆன் செய்யுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரின் எம்எஸ்ஐ ஃபைல் வழியே வந்திருந்தால் அப்ளிகேஷன் லாகில் நிறுவலைச் சொல்லும் 1033, 11707 இருக்கும். இவற்றை நேர வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நடந்தது புரியும்.

வின்32_ப்ராடக்ட்

இதை எழுதும்போதே எரிச்சல் வருகிறது.

4104இல் சந்தேகமான ஒரு வரி சிக்குகிறது. 'இதே சாஃப்ட்வேர் வேறு எத்தனை சிஸ்டத்தில் இருக்கு?' என்று அடுத்து கேட்கத் தோன்றுவது இயல்பு. புதிதாக வந்த பையன் இணையத்தில் தேடுகிறான். கைக்குக் கிடைக்கும் ஒற்றை வரி விடை, டபிள்யூஎம்ஐயில், அதாவது சிஸ்டத்தின் விவரங்களைக் கேட்டுப் பெறும் விண்டோஸ் வசதியில், வின்32_ப்ராடக்ட் என்ற கிளாஸைக் கேள் என்கிறது. தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கிறான். கொஞ்சம் இழுத்தாலும் அழகான பட்டியல் வருகிறது. சரி என்று, எல்லாரும் லாகின் செய்யும்போது தானாக ஓடும் லாகான் ஸ்கிரிப்டில் போட்டுவிடுகிறான்.

நாம் கேட்டது பட்டியல் மட்டும்தான். அந்தக் கிளாஸோ எம்எஸ்ஐ வழியே நிறுவிய ஒவ்வொரு மென்பொருளையும் எடுத்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதித்து, மாறியிருந்தால் பழுதுபார்க்கவும் கிளம்பிவிடும். கணக்கெடுக்க வந்தவர் வீட்டுக்குள் புகுந்து பீரோவைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவைத்துவிட்டுப் போவது மாதிரி. மைக்ரோசாஃப்ட்டே தன் 974524 எண் குறிப்பில் இதைச் சொல்லியிருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

கிண்டியில் ஒரு ஆபீஸ். திங்கள்கிழமை காலை, கேப்களில் வந்து இறங்கிய ஷிப்ட் முழுவதும் ஒரே நேரத்தில் லாகின் செய்தது. எந்த சிஸ்டமும் நகரவில்லை. ஹெல்ப்டெஸ்க் போன் ஓயவில்லை. முதலில் நெட்வொர்க் டீம் திட்டு வாங்கியது, அப்புறம் ஆன்டிவைரஸ் மேல் பழி விழுந்தது. அக்கவுன்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்த ஒரு சர்வீஸ் தானாக எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. மதியம் போல ஒரு சிஸ்டத்தில் ஈவென்ட் வியூவரைத் திறந்தால், அப்ளிகேஷன் லாகில் மேலிருந்து கீழ்வரை 1035, 1035, 1035. இன்ன மென்பொருளை விண்டோஸ் இன்ஸ்டாலர் மறுகட்டமைத்தது, அடுத்ததை மறுகட்டமைத்தது என்று வரிசையாக, சில நொடி இடைவெளியில். அதே நேரத்துக்கு பவர்ஷெல் லாகைத் திறந்தோம். 4104இல் நம்ம பையன் எழுதிய வரி, மேலே கமென்டில் அவன் பெயரோடு.

"அண்ணா, பேரைப் போட்டு ஃபில்டர் பண்ணித்தானே கேட்டேன்?"

ஃபில்டரால் ஒரு பயனும் இல்லை. முழுப் பட்டியலையும் எடுத்துச் சோதித்த பிறகுதான் வடிகட்டல் நடக்கும். இதையே, பாலிசி எந்த சிஸ்டத்துக்குப் பொருந்தும் என்று முடிவுசெய்யும் டபிள்யூஎம்ஐ ஃபில்டரில் எழுதி வைத்த மகானுபாவர்களும் உண்டு. அங்கே பாலிசி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, இந்தக் கூத்து நடக்கும்.

இத்தனை பாடுபட்டும் தேடிய பொருள் பட்டியலில் இருக்காது என்பதுதான் கொடுமை. எம்எஸ்ஐ வழியே வந்தவை மட்டும்தான் அதில் தெரியும். கையொப்பமில்லாத சின்னச் சின்ன டூல்கள் பெரும்பாலும் வெறும் எக்ஸிஇ, அல்லது ஜிப்பைப் பிரித்துப் போட்ட ஃபோல்டர்.

இதற்குப் பதில், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் அன்இன்ஸ்டால் கீகளைப் படித்தால் போதும். லோக்கல் மெஷினில் ஒன்று, அதிலேயே 32 பிட் மென்பொருளுக்காக வாவ்6432நோடின் கீழ் ஒன்று, கரன்ட் யூசரில் ஒன்று. மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அட்மின் உரிமை இல்லாதவர் தன் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் நிறுவிக்கொள்வது அங்கேதான் பதிவாகும். நீங்கள் அட்மின் கணக்கில் ஓட்டினால் அட்மினுடைய கரன்ட் யூசர்தான் தெரியும், மற்றவர்களுடையதை ஹெச்கீ யூசர்ஸின் கீழ் தேட வேண்டும். கீயில் நிறுவிய இடத்தைச் சொல்லும் இன்ஸ்டால் லொக்கேஷன் பல சமயம் காலியாக இருக்கும். அப்போது டிஸ்ப்ளே ஐகானில் இருக்கும் பாதையைப் பிடித்துப் போய் அந்த எக்ஸிஇயின் கையொப்பத்தைப் பாருங்கள். ஜிப்பைப் பிரித்துப் போட்டது எந்தக் கீயிலும் இருக்காது, அதற்கு 4688தான் கதி.

ஃபைலைத் தூக்கிவந்து வேறு சிஸ்டத்தில் சோதிப்பது

எல்லாக் கையொப்பமும் ஃபைலுக்குள்ளேயே இருக்காது. விண்டோஸோடு வரும் பல ஃபைல்களுக்கும் டிரைவர்களுக்கும் கையொப்பம் தனியாக ஒரு கேட்டலாக் ஃபைலில் இருக்கும். விண்டோஸ் 10இல் நோட்பேடின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து பாருங்கள், டிஜிட்டல் சிக்னேச்சர் டேப்பே இருக்காது. அதற்காக நோட்பேட் கள்ளச் சரக்கு ஆகிவிடுமா?

ரிச்சி தெருவில் வாங்கிய பிரிண்டரின் டிரைவர் ஃபைலை சர்வருக்கு காப்பி செய்து, கையொப்பத்தைச் சோதிக்கும் கெட்-ஆதென்டிகோட்சிக்னேச்சர் கட்டளையை ஓட்டினால் 'நாட்சைன்ட்', அதாவது கையொப்பமில்லை, என்று வரலாம். அந்த கேட்டலாக் சர்வரில் இல்லை, அவ்வளவுதான். ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கேயே சோதியுங்கள். 'நாட்சைன்ட்'டையும் 'ஹாஷ்மிஸ்மேட்ச்'சையும் ஒரே கூடையில் போடாதீர்கள். முன்னது யாரோ ஒருவர் காசு கொடுத்து சான்றிதழ் வாங்காமல் எழுதிய தமிழ்த் தட்டச்சு டூலாக இருக்கலாம். பின்னதில் கையொப்பமிட்ட பிறகு ஃபைல் மாறியிருக்கிறது, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

துண்டை முழுசு என்று நினைப்பது

நீளமான ஸ்கிரிப்ட் பல 4104களாக உடைந்து வரும். ஸ்கிரிப்ட் பிளாக் ஐடியை வைத்துச் சேர்த்துவிட்டுத் தேடுங்கள்.

பவர்ஷெல் 7

அதற்குத் தனி லாக், தனி பாலிசி. விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல்லில் ஆன் செய்தது இதற்குச் செல்லாது.

பாஸ்வேர்டை ஸ்கிரிப்டில் எழுதுவது

4104இல் அதுவும் அப்படியே பதிவாகும். அந்த லாகைத்தான் நீங்கள் பத்துப் பேருக்கு அனுப்பப் போகிறீர்கள்.

15 எம்பி

பவர்ஷெல் லாகின் இயல்பான அளவு அவ்வளவுதான். நிறைந்ததும் பழையது அழியும். ஸ்கிரிப்ட் நிறைய ஓடும் சிஸ்டத்தில் செவ்வாய்க்கிழமை நடந்ததை வியாழக்கிழமை தேடினால் இருக்காது. அளவைக் கூட்டுங்கள், ஈவென்ட் ஃபார்வர்டிங்கில் வேறொரு சர்வருக்கும் அனுப்பி வையுங்கள்.