பீடர்மனை அசடனாக்காதீர்கள்

சுவிட்சர்லாந்து எழுத்தாளர் மாக்ஸ் ஃபிரிஷின் 'பீடர்மனும் தீவைப்போரும்' 1958இல் சூரிச்சில் முதன்முதலாக மேடையேறியது. அதைத் திருகோணமலையில் தயாரிக்கும் குழு முதலில் தவிர்க்க வேண்டியது, பீடர்மனை அசட்டுப் பேர்வழியாக நடிக்கவிடுவதாகும். அவர் தலைமுடித் தைலம் விற்றுச் செல்வம் சேர்த்தவர். ஊரில் வீடுகள் எரிக்கப்படும் செய்தியைப் பத்திரிகையில் படித்துக் கொதிப்பவர். ஆயினும் தம் பரணில் தங்க வந்த இருவர் பெற்றோல் பரல்களை அடுக்கிவைத்திருப்பதைக் கண்ட பின்னரும், அவர்களைப் பகைத்துக்கொள்வதைவிட வாத்துக்கறி விருந்து வைப்பதே வசதி என்று முடிவெடுப்பவர். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கும் பெரியவரைப் போல அவர் தோன்றாவிட்டால், பார்வையாளர் யாரோ ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புவார்கள்.

நேரம் போதவில்லை என்று நெக்ட்லிங் பகுதியை வெட்டுவது இதைவிடப் பெரிய தவறு. தைலத்தில் பங்கு கேட்ட அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கி, அவர் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னர் அவருடைய மனைவியைக் காக்கவைக்கும் அதே மனிதர்தான், தீவைப்போரிடம் அத்தனை மரியாதை காட்டுகிறார். நெக்ட்லிங் இல்லையென்றால் பீடர்மன் வெறும் பயந்த நல்லவராகிவிடுவார்.

தீவைப்போருக்குக் கறுப்பு உடையும் வில்லன் சிரிப்பும் வேண்டாம். பரலில் இருப்பது பெற்றோல் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நாடகத்தில் வரும் தீயணைப்பு வீரர் குழு, கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் சேர்ந்து பாடும் கோரஸ் குழுவைக் கேலி செய்வது. கூத்து அறிந்த நம் நெறியாளர்களுக்கு அதைப் பின்னிருந்து தொடர்ந்து பாடும் பிற்பாட்டாக அமைக்கும் ஆசை எழும். ஆசை நல்லதே, ஆனால் மத்தளம் சொற்களை விழுங்கிவிடக் கூடாது. எச்சரிப்பதற்கு மேல் எதுவும் செய்யாத இவர்கள், அரசர் வரவுக்குரிய கம்பீரத்தோடு பாடினால்தான் நகை பிறக்கும்.

பின்திரையில் திருகோணமலையின் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை வரைவதும் தவறு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரைத் தாக்கியது நினைவுக்கு வர, ஆபத்து வானத்திலிருந்து வந்ததாகிவிடும். ஃபிரிஷின் ஆபத்தோ வாசலில் வந்து நின்று சாப்பாடு கேட்கிறது.

பயன்படுத்திய எரிபொருள் பரல்களை மேடைக்குக் கொண்டுவராதீர்கள். வெறுமையாக இருந்தாலும் உள்ளே எரிபொருளின் ஆவி தங்கியிருக்கும்.

நாடகத்தின் துணைத் தலைப்பே 'பாடமில்லாத போதனை நாடகம்' என்பதால், இறுதியில் நெறியாளர் தோன்றி உரை நிகழ்த்த வேண்டியதில்லை. பீடர்மன் நெருப்புக்குச்சிகளைக் கொடுத்துவிட்டு, அவர்கள் உண்மையில் தீவைப்போராக இருந்தால் தங்களிடம் நெருப்புக்குச்சி வைத்திருக்கமாட்டார்களா என்று மனைவியிடம் கேட்கிறார். அந்த இடத்தில் இசை போடாமல், மண்டபத்து மின்விசிறியின் ஓசை கேட்கும் வரை விட்டுவிடுங்கள்.