கார் டிராக்கரை நீங்களே மாட்டலாம். என்னைப் போல ஃபியூஸ் மாற்றி மாட்டாதீர்கள்

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நின்ற காரை ராத்திரியோடு ராத்திரியாகக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளே ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் வாங்கினேன். மாட்ட அரை மணி நேரம்தான் ஆனது. ஒழுங்காக மாட்ட மூன்று வாரம் ஆனது.

கண்ணாடியை ஏற்றுவது, லேப்டாப் பையை சீட்டில் விடாதது எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: ரிமோட்டை அழுத்தியதோடு நடையைக் கட்டாமல், கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். ஜாமர் வைத்து ரிமோட் சிக்னலைத் தடுப்பவர்கள் உண்டு.

மெக்கானிக் தன் சோதனைக் கருவியைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் டிராக்கர் வேண்டாம். ஸ்டியரிங்குக்குக் கீழே கைவிட்டால் ஒரு நொடியில் பிடுங்கிவிடலாம். வயர் இழுத்து மாட்டுவதும், உள்ளே சின்ன பேட்டரி இருப்பதும்தான் என் தேர்வு.

பெரும்பாலும் சிவப்பு வயர் 12 வோல்ட், கறுப்பு எர்த். எதற்கும் கூட வரும் தாளைப் பாருங்கள். கறுப்பை பெயிண்ட் இல்லாத பாடி போல்ட்டில் முடுக்குங்கள்.

சிவப்பில்தான் சறுக்கினேன். கைக்கு எட்டியது சிகரெட் லைட்டர் ஃபியூஸ், அதில் கொடுத்தேன். வண்டி ஓடும்போது மேப்பில் பொட்டு அழகாக நகர்ந்தது. சாவியை எடுத்தால் அந்த லைனில் கரண்ட் வராது என்பது உறைக்கவில்லை. உள் பேட்டரி சில மணி நேரம் தாங்கியதால் சந்தேகமும் வரவில்லை. ஒருநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஆப்பைப் பார்த்தால், கடைசித் தகவல் ராத்திரி 1 மணிக்கு. திருடன் 2 மணிக்கு வந்தால்?

ஆகவே சாவியை எடுத்துக் கால் மணி நேரம் கழித்து, டெஸ்ட் லாம்ப்பின் (கரண்ட் இருந்தால் எரியும் சின்ன விளக்கு) கிளிப்பை பாடியில் மாட்டி, ஊசியை ஃபியூஸ் தலையில் தெரியும் உலோகப் புள்ளியில் தொடுங்கள். அப்போதும் எரிந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டிய லைன். பல வண்டிகளில் ஹசார்ட் லைட் ஃபியூஸ் அப்படி இருக்கும். மல்டிமீட்டர் இன்னும் துல்லியம்தான். ஆனால் டாஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்துக்கொண்டு யார் எண்ணைப் படிப்பது? மஞ்சள் வயர் பக்கம் மட்டும் ஊசியைக் கொண்டுபோகாதீர்கள், அது ஏர்பேக்.

ஃபியூஸ் காலில் வயரைச் சுற்றிச் செருகும் வேலை வேண்டாம். ஃபியூஸ் டேப் என்று கேளுங்கள். பழைய ஃபியூஸ் ஒரு இடத்திலும் டிராக்கருக்கான 2 ஆம்பியர் ஃபியூஸ் இன்னொன்றிலும் உட்காரும். அளவு பல உண்டு, பழைய ஃபியூஸைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நான் இரண்டு தடவை அலைந்தேன்.

டிராக்கரை டாஷ்போர்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னால், மேலே இரும்பு மறைக்காத இடத்தில் கட்டுங்கள். வயர் பெடல் பக்கம் தொங்கக் கூடாது. அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஆப்பில் நேரத்தைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தால் பேட்டரி இறங்கிவிட்டது என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். டிராக்கர் 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் 21 நாளில் 15 ஆம்பியர் மணிக்கு மேல் போய்விடும். 35 ஆம்பியர் மணி பேட்டரி, அதுவும் பழசென்றால் தாங்காது. செட்டிங்கில் ஸ்லீப் மோடை ஆன் செய்யுங்கள். வண்டி அசைந்தால் தானே விழித்துக்கொள்ளும்.

இன்னொன்று, உள்ளே இருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ். நானும் ஒருமுறை மறந்தேன்.