பயாப்ஸி ரிப்போர்ட்ல இருக்குற மார்க்கரை எல்லாம் எப்படி படிக்கிறது

கேன்சருக்கு எடுத்த திசு பரிசோதனை (பயாப்ஸி) ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் பண்ற முதல் வேலை, அதுல இருக்குற எழுத்தையும் நம்பரையும் அப்படியே கூகுள்ல போடுறது. ரெண்டு நிமிஷத்துல "சராசரி ஆயுள் இத்தனை மாசம்"னு ஒரு வரி கண்ணுல படும், அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. நான் திசு பரிசோதனை பண்ற லேப்ல வேலை பாக்குறேன், தெரிஞ்சவங்க ஃபோன் பண்ணி ரிப்போர்ட்டை படிச்சு காட்டும்போது நான் திருப்பி கேக்குற கேள்வி எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணேதான், அதைத்தான் இங்க எழுதுறேன். டாக்டருக்கு பதிலா இது இல்ல, டாக்டர் முன்னாடி உக்காரும்போது என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டு போறதுக்கு.

மார்க்கர்னா கேன்சர் செல்லுலயோ ரத்தத்துலயோ அளந்து பாக்குற ஜீன், புரதம் மாதிரி ஒரு அடையாளம். முதல்ல ஒரு பென்சில் எடுத்து ஒவ்வொரு மார்க்கர் பக்கத்துலயும் "போக்கு"ன்னு எழுதுவோமா "மருந்து"ன்னு எழுதுவோமான்னு யோசிங்க. நோய் எவ்வளவு வேகமா போகும், திரும்ப வருமான்னு சொல்றது ஒரு வகை. இந்த மருந்து குடுத்தா கேக்குமான்னு சொல்றது இன்னொரு வகை. நிறைய பேர் இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கிறாங்க, சில மார்க்கர் ரெண்டு வேலையும் பாக்குறதால குழப்பம் இன்னும் ஜாஸ்தி ஆகுது.

ஹெர்2 எடுத்துக்கோங்க, செல்லை வளர சொல்ற ஒரு ஜீன் அது. 1987ல டென்னிஸ் ஸ்லாமன்ங்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரோட டீம், மார்பக புற்றுநோய்ல இந்த ஜீன் அளவுக்கு மீறி பெருகி இருந்தா நோய் சீக்கிரம் திரும்புது, ஆயுளும் குறையுதுன்னு காட்டுனாங்க, அப்போ அது வெறும் கெட்ட செய்திதான். 1998ல டிராஸ்டுசுமாப் மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது, அதுக்கப்புறம் அதே ஹெர்2 பாசிட்டிவ்தான் மருந்து போய் பிடிக்கிற இடம் ஆயிடுச்சு. அதனால நீங்க படிக்கிற கட்டுரை எந்த வருஷத்துதுன்னு பாக்காம உயிர் பிழைக்கிற சதவீதத்தை எடுத்துக்காதீங்க, அந்த மருந்து வர்றதுக்கு முன்னாடி எடுத்த கணக்கா அது இருக்கலாம்.

பெருங்குடல் புற்றுநோய்ல எம்எஸ்ஐ-ஹைனு (டிஎன்ஏல வர்ற தப்பை திருத்துற வேலை கேன்சர் செல்லுல பழுதாகி இருக்குன்னு அர்த்தம்) வந்தா இன்னும் வேடிக்கை. ரெண்டாவது ஸ்டேஜ்ல அது நல்ல செய்தி, திரும்ப வர்ற வாய்ப்பு கம்மி, ஃப்ளூரோயுராசில்ங்கிற கீமோ மருந்து மட்டும் தனியா குடுக்குறதுல பெருசா பலனும் இல்ல. நாலாவது ஸ்டேஜ்ல அதே வார்த்தை, இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியை தூண்டி விடுற சிகிச்சை) நல்லா வேலை செய்ய வாய்ப்பு இருக்குன்னு சொல்லுது. ஸ்டேஜ் தெரியாம மார்க்கரை படிச்சா பாதிதான் படிச்ச மாதிரி. கேராஸ்ங்கிற ஜீன்ல மாற்றம் இருந்தா செடுக்சிமாப்ங்கிற மருந்து தனியா அந்த குடல் நோய்ல பொதுவா வேலை செய்யாது, அங்க "மருந்து"ன்னு எழுதிட்டு பக்கத்துல ஒரு பெருக்கல் குறி போட்டுக்கோங்க.

அடுத்து, நம்பரை பாக்குறதுக்கு முன்னாடி சாம்பிளை பாருங்க. இதை யாருமே பாக்க மாட்டாங்க, எனக்கு இதுலதான் கோவம் வரும். மார்பக திசுவை எடுத்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஃபார்மலின்ல (திசு கெடாம வைக்கிற திரவம்) போடணும், 6 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரைக்கும்தான் அதுல இருக்கணும், இது தவறுனா உண்மையில இருக்குற இஆர் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை பிடிக்கிற புரதம்) கூட இல்லாத மாதிரி வந்துடலாம். ஜீன் டெஸ்ட்டா இருந்தா அந்த துண்டுல எத்தனை சதவீதம் கேன்சர் செல்னு ஒரு வரி இருக்கும். அது ரொம்ப கம்மியா இருந்து "ஈஜிஎஃப்ஆர் மாற்றம் காணப்படவில்லை"ன்னு (நுரையீரல் கேன்சர்ல பாக்குற ஒரு ஜீன் அது) வந்துருந்தா, இல்லைன்னு அர்த்தம் இல்ல, கண்ணுல மாட்டலைன்னுதான் அர்த்தம். வேற துண்டுலயோ ரத்தத்துலயோ திரும்ப பாக்கலாமான்னு கேளுங்க.

ஹெர்2 புரதம் எவ்வளவு இருக்குன்னு சாயம் போட்டு பாக்குற ஸ்டெயின்ல 0, 1+, 2+, 3+ னு போடுவாங்க. 3+ பாசிட்டிவ், 2+ன்னா முடிவு சொல்ல முடியல, ஃபிஷ் (ஜீனை ஒளிரும் புள்ளியா காட்டி எண்ணுற டெஸ்ட்) பண்ணணும். ஃபிஷ்ல இருட்டுக்குள்ள செல்லோட கருவுல ரெண்டு கலர் புள்ளி தெரியும், பொதுவா சிவப்பு ஹெர்2 ஜீன், பச்சை 17வது குரோமோசோமோட நடுப்பகுதி. குறைஞ்சது 20 செல்லாவது உக்காந்து எண்ணணும், கண்ணு கலங்கிடும். 20 செல்லுல சிவப்பு 120, பச்சை 40னு வந்தா விகிதம் 3, ஒரு செல்லுக்கு சிவப்பு 6. விகிதம் 2க்கு கம்மி இல்லாம, ஒரு செல்லுக்கு சிவப்பும் 4க்கு கம்மி இல்லாம இருந்தா பாசிட்டிவ், அப்போ இது பாசிட்டிவ். உங்களுக்கு ஃபிஷ் பண்ணியிருந்தா ரிப்போர்ட்லயும் இந்த ரெண்டு நம்பரும் இருக்கும், ரெண்டையும் தேடி பாருங்க, ஒண்ணு மட்டும் தாண்டி இன்னொண்ணு தாண்டலைன்னா அதை எப்படி முடிவு பண்ணாங்கன்னு கேளுங்க.

கி-67 பத்தி ஒரே ஒரு விஷயம். செல் எவ்வளவு வேகமா பிரியுதுன்னு சொல்ற சதவீதம் அது (பேர்ல இருக்குற "கி" ஜெர்மனியோட கீல் ஊர்ல இருந்து வந்தது). 5க்கு கீழயோ 30க்கு மேலயோ இருந்தா நம்பலாம், நடுவுல இருக்குற நம்பர் எண்ணுற ஆளை பொறுத்து மாறும், அதனால 14ஆ 18ஆன்னு மண்டையை உடைச்சுக்காதீங்க.

ஆன்கோடைப் மாதிரி டெஸ்ட் 21 ஜீனை சேத்து 0ல இருந்து 100க்குள்ள ஒரு ஸ்கோர் குடுக்கும். இஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், நெறி கட்டிக்கு பரவாதவங்க, 50 வயசுக்கு மேல, ஸ்கோர் 25 வரைக்கும் இருந்தா ஹார்மோன் மாத்திரையோட கீமோ சேக்குறதால பெருசா லாபம் இல்லைன்னு 2018ல வந்த டெய்லர்எக்ஸ் ஆய்வு காட்டுச்சு. 50 வயசு வரைக்கும் இருக்குறவங்களுக்கு ஸ்கோர் 16ல இருந்து மேல போகும்போது கீமோல கொஞ்சம் லாபம் தெரிஞ்சுது. அதனால பக்கத்து வீட்டு ஆளோட ஸ்கோரையும் உங்க ஸ்கோரையும் வச்சு ஒப்பிடாதீங்க, வயசு வேறன்னா பதிலும் வேற.

இப்போ அந்த தூக்கம் கெடுக்குற நம்பருக்கு வருவோம். "ஹசார்ட் ரேஷியோ 2"ன்னு (ஒரு கூட்டத்துக்கு ஆபத்து இன்னொரு கூட்டத்தை விட எத்தனை மடங்குன்னு சொல்ற நம்பர்) பாத்ததும் ஆயுள் பாதியா போச்சுன்னு நினைச்சுடுறாங்க. அப்படி இல்ல. சும்மா ஒரு கணக்குக்கு, மார்க்கர் இல்லாத 100 பேர்ல 5 பேருக்கு நோய் திரும்புதுன்னு வச்சுக்கோங்க, ரேஷியோ 2ன்னா மார்க்கர் இருக்குற 100 பேர்ல சுமார் 10 பேர், மீதி 90 பேருக்கு திரும்பல. அடிப்படை எத்தனைன்னு தெரியாம ரெண்டு மடங்குன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல. பக்கத்துல 0.8 - 4.9 மாதிரி ஒரு வீச்சு இருந்து அதுக்குள்ள 1 வந்துடுச்சுன்னா, அந்த ஆய்வுல வித்தியாசம் உறுதியாகலைன்னு எடுத்துக்கோங்க. மீடியன் ஆயுள் இத்தனை மாசம்னு இருந்தா, அந்த கூட்டத்துல பாதி பேர் அந்த மாசத்தை தாண்டி இருந்தாங்கன்னும் அர்த்தம், அந்த பாதி எவ்வளவு தூரம் போனாங்கன்னு அந்த நம்பர் சொல்லாது. நாள் போக போக எத்தனை பேர் உயிரோட இருக்காங்கன்னு காட்டுற வளைவு கோடு போட்ட படம் இருந்தா அடியில சின்ன எழுத்துல அந்தந்த வருஷத்துல எத்தனை பேர் மிச்சம்னு இருக்கும், கடைசியில 6 பேர் 4 பேர்னு இருக்குற இடத்துல கோடு விழுறதை பாத்து பயப்படாதீங்க, ஒரே ஒரு ஆள் போனாலே அங்க கோடு செங்குத்தா இறங்கும்.

ரத்தத்துல பாக்குற சிஇஏ, சிஏ-125 மாதிரி கேன்சர் புரதம் எல்லாம் ஒரு தடவை பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, புகை பிடிக்கிறவங்களுக்கே சிஇஏ கொஞ்சம் ஏறி இருக்கும். ஒரே லேப்ல ஒரே முறையில எடுத்து தேதி போட்டு வரிசையா எழுதி வைங்க, ஏறுதா இறங்குதான்னு பாக்குறதுக்குத்தான் அது. நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாங்கிற ரத்த புற்றுநோய்ல இதை ரொம்ப அழகா பண்றாங்க, அந்த நோயை உண்டாக்குற பிசிஆர்-ஏபிஎல்ங்கிற ஒட்டு ஜீனோட அளவு 3 மாசத்துல 10%க்கு கீழ வந்துருக்கான்னு பாப்பாங்க, அப்புறம் 0.1%க்கு கீழ கொண்டு போறதுதான் குறி.

கடைசியா ஒண்ணு, மெழுகுல பதிச்சு வச்ச உங்க திசு, நாங்க பிளாக்னு சொல்றது, எங்க இருக்கு, எத்தனை வருஷம் வச்சிருப்பாங்க, வேற இடத்துக்கு குடுப்பாங்களான்னு கேட்டு அந்த பிளாக் நம்பரை ஃபைல் அட்டை மேலயே எழுதி வைங்க. ரெண்டு வருஷம் கழிச்சு புது டெஸ்ட் ஒண்ணு பண்ணணும்னு சொல்லும்போது எல்லாரும் முதல்ல தேடுறது அந்த நம்பரைத்தான்.