டிராக்டர் டயரில் மெல்ல மெல்லக் காற்று இறங்குதா? முள்ளைப் பிடிக்கும் வழி

ராத்திரி நிறுத்தும்போது கிண்ணென்று இருந்த முன் டயர், காலையில் பார்த்தால் சப்பிப்போய் நிற்கும். காற்றடித்தால் அன்றைய ஓட்டம் ஓடிவிடும், மறுநாள் மறுபடியும் அதே கதை. சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிற எங்கள் ராமநாதபுரம் பக்கம் இது அடிக்கடி நடக்கிற சங்கதி. டியூப் போட்ட 6.00-16 முன் டயரை வைத்துத்தான் இங்கே சொல்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்பவர் இதில்தான் கை வைக்க வேண்டும், பின் டயர் கதை வேறு.

டயரைக் கழற்ற ஓடாதீர்கள். முதலில் வால்வு மூடியைத் திறந்து, நுனியில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழ் ஊதினால் வால்வு பின்தான் (வால்வுக்குள் திருகியிருக்கும் சின்ன ஊசி) காரணம். ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள், நிற்கவில்லையென்றால் புதுப் பின் போடுங்கள், ஐந்து நிமிட வேலை.

அது சரியாக இருந்தால், சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்து டயர் முழுக்கத் தடவி, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். இதில் ஒரு ஏமாற்று உண்டு: டியூப்பில் எங்கே ஓட்டை இருந்தாலும் காற்று டயருக்குள்ளேயே சுற்றிவந்து, ரிம்மில் வால்வு நுழைகிற துளை வழியாக வெளியே வரும். அங்கே குமிழ் தெரிந்ததும் வால்வின் அடிப்பாகம் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது டியூப் வாங்கியவர்கள் உண்டு. டியூப்பை வெளியே எடுக்காமல் இடத்தை உறுதியாகச் சொல்ல முடியாது.

சரி, கழற்றலாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி. அச்சுக்கு அடியில் தடிமனான மரக்கட்டை ஒன்றும் கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே கை விடக்கூடாது. சக்கரம் வெளியே வந்ததும் வால்வு பின்னைப் பிடுங்கி, காற்று முழுவதும் போகும்வரை பொறுங்கள்.

இப்போது, மறக்கவே கூடாத வேலை: வால்வுக்கு நேராக டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஏன் என்று பிறகு தெரியும். ரிம்மில் ஒட்டியிருக்கும் டயர் விளிம்பை மிதித்து விடுவித்து, இரண்டு லிவரால் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கத்தை மட்டும் வெளியே தூக்குங்கள். லிவரை ஆழமாக விட்டால் டியூப்பைக் கடித்துவிடும். நெம்புகிற இடத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் காலால் அழுத்திக்கொண்டால் பாதி பலம் போதும்.

டியூப்பை வெளியே உருவி, வால்வு பின்னை மறுபடி மாட்டிக் காற்றடித்து, பம்புசெட் தொட்டியில் பகுதி பகுதியாக முக்குங்கள். மெல்லிய ஓட்டையில் குமிழ் விட்டு விட்டுத்தான் வரும், அவசரப்பட்டால் தப்பிவிடும். கண்டதும் துடைத்து, பேனாவால் பெரிதாக வட்டம் போடுங்கள், சின்ன வட்டம் தேய்க்கும்போது அழிந்துவிடும்.

நான் முதல்முறை இதோடு நிறுத்திவிட்டேன். ஓட்டையை அடைத்து, மாட்டி, ஓட்டி, மூன்றாம் நாள் மறுபடியும் பஞ்சர், அதே இடத்தில். கருவேல முள் குத்தியதும் ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடுகிறது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, சக்கரம் உருள உருள உள்ளே ஏறுகிறது. சாக்பீஸ் கோடு இதற்குத்தான். டியூப் எப்படி இருந்ததோ அப்படியே டயர் மேல் படுக்க வைத்து, வால்வைக் கோட்டுக்கு நேராக வைத்தால், ஓட்டைக்கு நேராக முள் இருக்கும். அந்த இடத்தில் உட்புறம் பழைய துணியால் துழாவுங்கள், வெறுங்கையால் வேண்டாம், துணி நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். குறட்டால் பிடுங்குங்கள். முள்ளே இல்லையென்றால் ரிம்மைப் பாருங்கள்: சேற்று உழவு ஓட்டிய வண்டிகளில் துரு பெயர்ந்து டியூப்பை அரித்திருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஒட்டும் வேலை சுலபம்தான், பொறுமை இருந்தால். பேட்ச்சைவிடக் கொஞ்சம் அகலமாக உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். ஈரம் மின்னும்போதே பேட்ச்சை வைப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. மினுமினுப்பு அடங்கி, விரல் பட்டால் லேசாக ஒட்டுகிற பதம் வரட்டும். பிறகு வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியல் பிடியால் அழுத்தித் தேயுங்கள். வால்வின் அடிப்பாகத்தில் விரிசல் என்றாலோ, நீளமாகக் கிழிந்திருந்தாலோ ஒட்டி மெனக்கெடாதீர்கள், டியூப்பை மாற்றுங்கள்.

டியூப்பில் உருவம் வருகிற அளவுக்கு மட்டும் காற்று வைத்து உள்ளே நுழைத்து டயரை மாட்டுங்கள். கொஞ்சம் அடித்து, ஒருமுறை காற்றை இறக்கி, மறுபடி அடித்தால் மடிப்பு இருந்தால் நீங்கிவிடும். அடிக்கும்போது டயர் மேல் குனிந்து நிற்காதீர்கள். டிராக்டரோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின் டயரில் வால்வு பின்னைப் பார்ப்பதோடு சரி. பலர் கனத்துக்காக அதில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பியிருப்பார்கள், நூறு லிட்டருக்கு மேல் இருக்கும், சாய்ந்தால் ஆள் தாங்காது. வால்வை மேலே வருமாறு நிறுத்தித்தான் காற்று அளக்கும் கேஜ் வைக்க வேண்டும், கீழே இருந்தால் தண்ணீர் கேஜுக்குள் ஏறும். கழற்றுவதாக இருந்தால் பஞ்சர் கடை அண்ணனைக் கூப்பிடுங்கள்.

முன் டயரை மாட்டியாகிவிட்டதா? சாயங்காலம் டயர் ஆறியதும் கேஜில் எவ்வளவு என்று குறித்துவைத்து, காலையில் வெயில் ஏறுவதற்குள் மறுபடி பாருங்கள். நடுப்பகலில் பார்த்தால் சூட்டுக்குக் கூடக் காட்டி, எல்லாம் சரியாகிவிட்டது மாதிரி ஏமாற்றும்.