தடைக்காலத்துல படகை ஏத்துறீங்களா? கான்ட்ராக்ட்காரர்கிட்ட மாட்டிக்காம வேலை வாங்குறது இப்படித்தான்

ஏப்ரல் 15 வந்தாச்சுன்னா மீன்பிடித் தடை ஆரம்பிச்சு, திருவள்ளூர்லேர்ந்து கன்னியாகுமரி வரைக்கும் கிழக்குக் கடற்கரை விசைப்படகு அத்தனையும் கரைக்கு வந்துடும், ஜூன் 14 வரைக்கும் 61 நாள். முன்னாடி 45 நாள்தான், 2017லதான் 61 ஆச்சு. நாள் கூடுனா வேலை நிதானமா நடக்கும்னுதான் எல்லாரும் நினைச்சோம், ஆனா காசிமேடு, கடலூர், நாகை, மண்டபம், தூத்துக்குடின்னு எல்லா இடத்துலயும் ஒரே நாள்ல படகை நிப்பாட்டுறாங்க, பழுது பாக்க எல்லாருக்கும் ஓடாவியும் (படகுத் தச்சர்) ஃபைபர் ஆளும் இன்ஜின் மெக்கானிக்கும் அதே வாரத்துல வேணும். இருக்குற ஆளு கொஞ்சம், படகு ஏகப்பட்டது. கான்ட்ராக்ட்காரர் ஏமாத்துறார்னு நாம சொல்றதுல பாதி இங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது.

அவர் பக்கத்துலேர்ந்து யோசிச்சுப் பாருங்க. அவருக்கும் வருஷத்துல பெரிய வரும்படி இந்த ரெண்டு மாசம்தான், அதனால வர்ற படகு எதையும் வேணாம்னு சொல்ல மாட்டார், நாலு படகு செய்யுற ஆள் பலத்தை வச்சுக்கிட்டு பத்து படகுக்கு அட்வான்ஸ் வாங்குவார். வாங்கிட்டு என்ன பண்ணுவார்னா, முதல் நாள் ஆள் பட்டாளத்தோட வந்து மரத்து மேல ஒட்டியிருக்குற பழைய ஃபைபரை கிரைண்டர் போட்டு உரிச்சு, நாலு பலகையைக் கழட்டி, இன்ஜினை செயின் பிளாக்ல தூக்கி வச்சுட்டு போயிடுவார். நமக்கும் பரவால்லயே, ஜரூரா வேலை நடக்குதேன்னு தோணும். அடுத்த நாள் ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. வேற மேஸ்திரியைக் கூப்பிட்டா "அவர் கை வச்ச படகுண்ணே, நான் தொட்டா பேச்சு வரும்"னு ஒதுங்கிடுவார். படகைத் திறந்து போட்டுட்டா அது அவரோட படகு, எப்ப வேணாலும் வந்து செய்யலாம், நீங்க எங்கயும் போக முடியாது. அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், அட்வான்ஸை விட ஜாக்கிரதையா கொடுக்க வேண்டியது படகைப் பிரிக்கிறதுக்கான அனுமதி. போடப்போற பலகையும் ரெசினும் (ஃபைபரை ஊறவச்சு ஒட்டுற பசை) கரைக்கு வந்து இறங்குற வரைக்கும் ஒரு ஆணியைக்கூட புடுங்க விடாதீங்க. பிரிக்கிறப்பவும் ஒரு பக்கம் பிரிச்சு, அதை அடைச்ச பிறகு அடுத்த பக்கம்.

ஆள் பிடிக்கிறதை தடைக்காலத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சுடணும். "நல்லா செய்வாரா"ன்னு கேட்டா எல்லாரும் செய்வார்னுதான் சொல்லுவாங்க, அந்தக் கேள்வியால ஒரு பிரயோஜனமும் இல்ல. அவர் ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச படகு எங்க நிக்குதுன்னு கேட்டுப் போய்ப் பாருங்க, புதுசா பெயின்ட் அடிச்சது எல்லாமே அழகாத்தான் இருக்கும். அஞ்சு ரூபா காசு ஒண்ணை எடுத்து ஃபைபர் மேல தட்டிக்கிட்டே போங்க, ஒட்டியிருக்குற இடம் டக் டக்குன்னு கெட்டியா கேக்கும், மரத்தை விட்டுப் பிரிஞ்ச இடம் பொத் பொத்துன்னு உள்ள காலியா இருக்குற சத்தம் கொடுக்கும். அந்த ஓனர்கிட்ட தரத்தை விட தேதியைப் பத்தி விசாரிங்க, சொன்ன தேதிக்கு இறக்குனாரா, எத்தனை நாள் ஆள் வராம கிடந்துச்சு, பேசுன காசுக்கு மேல எவ்வளவு ஆச்சு. அப்புறம் ரெசின் கடைக்கு ஒரு நடை போங்க. எந்த மேஸ்திரிக்கு கடையில பழைய பாக்கி நிக்குதுன்னு அங்க தெரியும், பாக்கி உள்ளவர்கிட்ட நீங்க கொடுக்குற அட்வான்ஸ் நேரா போன வருஷப் படகோட கடனுக்குத்தான் போகும், உங்க படகுக்கு ரெசின் வராது.

ஒரு சின்ன விஷயம், உங்களது ஃபைபர் நாட்டுப்படகுன்னா இந்தக் கூட்டத்துல சேரவே வேணாம். தடை விசைப்படகுக்குத்தான், உங்களுக்கு இல்ல, அப்ப ஏன் எல்லாரும் அலையுற மாசத்துல போய் நிக்கணும்? மழை இல்லாத பிப்ரவரி மார்ச்சுல கொடுத்தா அதே ஆளு பாதி கெஞ்சல்ல வருவார்.

அடுத்தது ரேட்டு. தண்ணிக்குள்ள இருக்குற படகைப் பாத்து மொத்தமா இவ்வளவுன்னு பேசுறது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல. "திறந்து பாத்தாதான்ணே தெரியும்"னு அவர் சொல்றது உண்மைதான், பலகையைக் கழட்டுனா உள்ள வங்கு (படகோட விலா எலும்பு மாதிரி இருக்குற கட்டை) உளுத்துப் போயிருக்கும், ஏராகிட்ட (அடியில நீளமா ஓடுற முதுகெலும்புக் கட்டை) ஈரம் ஏறியிருக்கும். ஆனா அந்த உண்மைக்குள்ளதான் எல்லா களவும் ஒளிஞ்சுக்குது. அதனால தெரிஞ்ச வேலைக்கு ஒரு தொகை, தெரியாத வேலைக்கு அலகு ரேட்டு, அதாவது ஒரு அடி பலகை மாத்த எவ்வளவு, ஒரு வங்குக்கு எவ்வளவு, ஒரு சதுர மீட்டர்ல ஒரு லேயர் மேட் (ஃபைபர் விரிப்பு) போட எவ்வளவு, கலப்பத்து அடிக்க (பலகை இடுக்கை அடைக்க) அடிக்கு எவ்வளவுன்னு படகு ஏறுறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடணும். ஏத்துன அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து படகைச் சுத்தி வந்து, மாத்த வேண்டிய இடத்தையெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு போட்டோ எடுத்துக்கங்க. கோடு போடாத இடத்துல வேலை செஞ்சா காசு இல்லன்னு அப்பவே சொல்லிடுங்க. விபத்துல அடிபட்ட படகு, இன்சூரன்ஸ் கேக்கப் போறீங்கன்னா சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் யாரையும் கை வைக்க விடாதீங்க, இது தனிக்கதை.

பேசுனதையெல்லாம் எழுதுங்க. பத்திரம்லாம் தேவையில்ல, ஒரு வெள்ளைத்தாள்ல வேலை, ரேட்டு, பொருள் யாரோடது, தேதி, எப்பெப்ப காசுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டா போதும். எழுதக் கூச்சப்படுற மேஸ்திரியா இருந்தா (நிறைய பேர் "என்னண்ணே நம்பிக்கை இல்லையா"ன்னு கோவிச்சுக்குவாங்க) அதையே வாட்ஸ்அப்ல மெசேஜா அனுப்பி "சரிதானே மேஸ்திரி"ன்னு கேளுங்க, அவர் ஒரு "ஓகே" போட்டா அதுவும் எழுத்துதான். தேதியை ஜூன் 14ன்னு மட்டும் எழுதிடாதீங்க. ஸ்லிப்வேல (படகை ஏத்தி இறக்குற சரிவு மேடை) இறக்க வரிசை நிக்கும், வலை ஏத்தணும், ஐஸ் டீசல் பிடிக்கணும், அதுக்கு நடுவுல மீன்வளத்துறை அதிகாரிங்க படகைப் பாக்க வர்ற ஆய்வு நாள் வேற இருக்கு, அன்னிக்கு படகு காட்டுற நிலையில இல்லன்னா மானிய டீசல்ல கை வைப்பாங்க. அதனால ஆய்வு நாளுக்கு முன்னாடி இந்தந்த வேலை, ஜூன் முதல் வாரத்துல இறக்கம்னு ரெண்டு தேதியா எழுதுங்க.

இப்ப பொருள். முடிஞ்ச வரைக்கும் நீங்களே வாங்குங்க, கூலி மட்டும் அவருக்கு. மரம் வாங்கப் போறப்ப ஓடாவியைக் கூடக் கூட்டிட்டுப் போங்க, வைரம் பாஞ்ச கெட்டிப் பலகையா, சீக்கிரம் உளுத்துப் போற வெள்ளைக் கட்டையான்னு அவர் அங்கயே சொல்லணும், அப்புறம் "நீங்க வாங்குன மரம் சரியில்ல"ன்னு பேச இடம் இருக்காது. ஃபைபர் பொருளுக்கு ஒரு கணக்கு இருக்கு, அதை மனசுல வச்சுக்கிட்டா யாரும் ஏமாத்த முடியாது. 450 கிராம் மேட்னா ஒரு சதுர மீட்டர் 450 கிராம், அது தன் எடையைப் போல ரெண்டு, ரெண்டரை மடங்கு ரெசின் குடிக்கும். அப்ப 20 சதுர மீட்டர் இடத்துல மூணு லேயர்னா மேட் 27 கிலோ, ரெசின் 54லேர்ந்து 68 கிலோ, சேதாரம் கொஞ்சம் சேத்துக்கங்க. ரோவிங்னா (நெய்த ஃபைபர் துணி) ரெசின் கிட்டத்தட்ட எடைக்கு எடைதான். நூறு கிலோ ரெசின் வேணும்னு லிஸ்ட் வந்தா எந்த இடத்துக்கு எத்தனை லேயர்னு கேளுங்க, கேட்ட உடனே லிஸ்ட் சுருங்கும். பொருளை உங்க ஷெட்ல பூட்டி வச்சு அன்னன்னிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக் கொடுங்க, அப்படி வைக்கிறப்ப ரெசின் இறுகக் கலக்குற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுடாதீங்க, ரெண்டும் நேரா கலந்தா தீப்பிடிச்சு வெடிக்கும்.

காசு விஷயத்துல என் அபிப்பிராயம், ஆரம்பத்துல கூலியில இருபது சதவீதத்துக்கு மேல கொடுக்காதீங்க. மீதி கண்ணுக்குத் தெரியுற வேலைக்கு, பலகை அடைச்சு கலப்பத்து முடிஞ்சா ஒண்ணு, ஃபைபர் முடிஞ்சா ஒண்ணு, இன்ஜின் உக்கார்ந்து ஷாஃப்ட் (இன்ஜின்லேர்ந்து காத்தாடிக்குப் போற தண்டு) சேந்தா ஒண்ணு. சனிக்கிழமை கூலி கொடுக்கணும்னு வந்து நிப்பார், பாவமாத்தான் இருக்கும், அப்ப ஆட்களுக்கு உண்டான அந்த வாரக் கூலியை மட்டும் அவர் முன்னாடியே ஆட்கள் கையில கொடுத்துட்டு கணக்குல எழுதிக்கங்க. அவர்கிட்ட கொடுத்தா அது பக்கத்துப் படகு ஆளுக்குப் போயிடும், திங்கக்கிழமை உங்க படகுக்கு ஆள் இருக்காது.

வேலை நடக்குறப்ப தினமும் சாயங்காலம் ஒரு தடவை போய் நில்லுங்க, பேசக்கூட வேணாம். முக்கியமா பாக்க வேண்டியது மரத்தோட ஈரம். நாள் தள்ளிப்போன மேஸ்திரி எங்க நேரத்தை மிச்சம் பிடிப்பார்னா காயவிடுற நாள்லதான். எங்க கரையில ஒரு படகு, உரிச்ச ரெண்டாவது நாளே மேட் விரிச்சு ரெசின் ரோலர் போட்டு பெயின்ட்டும் அடிச்சு பளபளன்னு நின்னுச்சு, ஊரே பாராட்டுச்சு. ஐப்பசி மழைக்குள்ள அணியத்துக்குக் (படகோட முன்பக்கம்) கீழ உள்ளங்கை அகலத்துக்கு உப்பி, கத்தி முனையால கீறுனா உள்ளேர்ந்து பழுப்புத் தண்ணி வடியுது, ஃபைபர் தனியா பாய் மாதிரி கழண்டு வருது. மரம் காயாம மூடுனதால வந்த வினை. ஒரு துண்டு பிளாஸ்டிக் ஷீட்டை பலகை மேல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க, உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் காயலைன்னு அர்த்தம். மூடுறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணணும், நான் பாத்த பிறகுதான் மேட்டுன்னு தாள்லயே எழுதிடுங்க.

இன்ஜினை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போறாங்கன்னா இன்ஜின் நம்பர், பம்ப் நம்பர் எல்லாம் போட்டோ, இன்ஜெக்டர்ல ஒரு சொட்டு பெயின்ட் அடையாளம். மாத்துன பழைய சாமான் அத்தனையும் புதுசோட அட்டைப்பெட்டியோட திரும்பி வரணும். இதைச் சொல்லித்தான் அனுப்பணும், அப்புறம் கேட்டா "இரும்புக் கடைக்குப் போட்டாச்சு"ன்னு வரும்.

சரி, இவ்வளவும் பண்ணியும் ஆள் வரல. போன் போட்டா "நாளைக்கு காலைல ஏழு மணிக்கு ஆள் நிக்கும்ணே". அந்த நாளைக்கு வராது. கத்தாதீங்க, கத்துனா போனை எடுக்க மாட்டார். அவர் வேற எந்தப் படகுல இருக்கார்னு கண்டுபிடிச்சு (கரையில இது பெரிய ரகசியம் இல்ல) நேரா அங்க போய், அந்த ஓனர் இருக்குறப்பவே சாதாரணமா "மேஸ்திரி, எனக்கு மொத்தமா வேணாம், ரெண்டு ஆளு மூணு நாளைக்குக் கொடுங்க, இந்தப் பக்கத்தை மட்டும் அடைச்சுடலாம்"னு கேளுங்க. எப்ப வருவீங்கன்னு கேட்டா பொய்தான் வரும், எத்தனை ஆளுன்னு கேட்டா பதில் வரும். அன்னிக்கு ராத்திரியே பேசுனதை மெசேஜா போட்டுடுங்க. அதுக்கும் அசையலன்னா தேதி குறிச்சு ஒரு மெசேஜ், இந்த நாளுக்குள்ள வரலன்னா கணக்கு முடிச்சு வேற ஆளை வச்சுக்குவேன்னு. ஒரே ஒரு தடவை அனுப்புங்க, அனுப்பிட்டா அதுபடி செய்யுங்க.

ஆளை மாத்துறதுல வர்ற சண்டைக்கு மருந்து அளவுதான். சங்கத்து ஆள் ஒருத்தர், ஊர்ப் பெரியவர் ஒருத்தர் முன்னாடி டேப் பிடிச்சு எத்தனை அடி பலகை ஆச்சு, எத்தனை லேயர் ஆச்சுன்னு அளந்து, அலகு ரேட்டுல பெருக்கி, கொடுத்ததைக் கழிச்சு, "எனக்குப் பாக்கி இல்ல, வேற ஆள் வேலை செய்ய ஆட்சேபனை இல்ல"ன்னு ரெண்டு வரி வாங்கிடுங்க. அந்த ரெண்டு வரி இருந்தாத்தான் புது மேஸ்திரி தைரியமா தொடுவார்.

ஒர்க்‌ஷாப்காரர் இன்ஜினைக் கொடுக்க மாட்டேன்னு பிடிச்சு வச்சா, சட்டம் கொஞ்சம் அவர் பக்கமும் பேசும், செஞ்ச வேலைக்குக் கூலி வர்ற வரைக்கும் பொருளை வச்சுக்க இந்திய ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவு இடம் கொடுக்குது. ஆனா அது பேசுனபடி வேலையைச் செஞ்சவருக்குத்தான், பாதில போட்டவருக்கு இல்ல, அதுக்காகவும்தான் எழுதிக்கச் சொல்றது. நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகலாம். படகு வியாபாரத்துக்குத்தானே, நீ நுகர்வோரே இல்லன்னு எதிர்த்தரப்பு சொல்லும், ஆனா 2019 சட்டத்துல சுயதொழில் பண்ணி பிழைப்பு நடத்துறதுக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துற பொருளுக்கு விதிவிலக்கு இருக்கு (சேவைன்னு அதுல பேர் சொல்லல), சொந்தமா ஒரு படகு வச்சுக் கடலுக்குப் போறவர் அதைச் சொல்லிப் பாக்கலாம், நாலஞ்சு படகு வச்சு ஆள் வச்சு ஓட்டுறவருக்குக் கஷ்டம். கொடுத்த காசு அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், 1915க்கு போன் பண்ணியும் கேக்கலாம். நிஜத்தைச் சொன்னா கரையில பெரும்பாலான பஞ்சாயத்து சங்கத்துலயே முடிஞ்சுடும், கேஸ் போடுவேன்னு முதல்லயே மிரட்டுறவங்களுக்கு அடுத்த வருஷம் எந்த மேஸ்திரியும் வர மாட்டாங்க.

இறக்குன உடனே கணக்கு முடிச்சுடாதீங்க. கரையில நிக்குறப்ப படகோட உடம்பு ஒரு மாதிரி, தண்ணியில மிதக்குறப்ப வேற மாதிரி, அதனால ஷாஃப்ட் கப்ளிங்கை (இன்ஜினும் ஷாஃப்ட்டும் சேர்ற இணைப்பு) கரையில சரி பாத்தது போதாது, ஒரு நாள் மிதக்க விட்டு மறுபடி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) போட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஓடுறப்ப கிளாண்ட்ல (ஷாஃப்ட் வெளிய போற இடத்து அடைப்பு) சொட்டு சொட்டா கொஞ்சம் தண்ணி வரணும், ஒரு சொட்டுகூட வரலன்னு மெக்கானிக் பெருமையா சொன்னா இறுக்கி வச்சிருக்கார்னு அர்த்தம், ஷாஃப்ட் சூடாகி தேஞ்சு போகும். கையில பத்து சதவீதம் நிறுத்தி வச்சுக்கிட்டு ரெண்டு தங்கல் (கடல்ல தங்கி மீன் பிடிக்கிற பயணம்) போய் வந்த பிறகு, பில்ஜ்ல (படகோட அடிப்பள்ளம்) தண்ணி எவ்வளவுன்னு பாத்துட்டுக் கொடுங்க. கொடுக்குறப்ப இழுத்தடிக்காதீங்க, சொன்ன அன்னிக்குக் கையில கொடுங்க. அப்பவே அடுத்த ஏப்ரலுக்கு முதல் படகு என்னோடதுன்னு சொல்லிடுங்க, அட்வான்ஸ் கேட்டா மட்டும் மார்ச்ல பாக்கலாம் மேஸ்திரின்னு சொல்லிட்டு டீ வாங்கிக் கொடுங்க.